மனப்பாடம் செய்தவன் கையில் ரவுட்டரைக் கொடுக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. சிலருக்குக் கோபம் வரும். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

அத்திப்பட்டு, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி பக்கம் டிப்ளமோவும் பி.எஸ்சி.யும் முடித்த பிள்ளைகள் வாயில் இப்போது "சிசிஎன்ஏ" என்ற பெயர் அடிக்கடி வருகிறது. சிஸ்கோ நிறுவனம் நடத்தும் நெட்வொர்க் தேர்வு. கான்ட்ராக்ட் வேலையிலேயே காலம் போய்விடக் கூடாது என்று நினைக்கும் பிள்ளைக்கு அது ஒரு நல்ல வாசல். என் கோபம் படிப்பின் மேல் இல்லை, படிக்கும் விதத்தின் மேல்.

"சார், டம்ப் வாங்கிட்டேன், இருபது நாள்ல முடிச்சிடுவேன்" என்கிறார்கள், ஏதோ சாதித்தது போல. தெரியாத உறவுகளுக்குச் சொல்கிறேன்: டம்ப் என்றால், தேர்வு எழுதியவர்கள் வெளியே வந்து ஒப்பித்த கேள்விகளும் அவற்றின் விடைகளும். நம் ஊர் பாஷையில், அவுட் ஆன கொஸ்டின் பேப்பர். அதைக் காசுக்கு விற்கிறார்கள். பெற்றோரும் "எப்படியோ சர்டிபிகேட் வந்தால் சரி" என்று கொடுக்கிறார்கள்.

முப்பது வருஷத்துக்கு மேல் கணக்குப் பாடம் எடுத்தவன் நான். கணக்கையே மனப்பாடம் செய்யும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். புத்தகத்தில் 12 என்று இருந்ததைக் கேள்வித்தாளில் 15 என்று மாற்றினால் போதும், பேனா அங்கேயே நின்றுவிடும். நெட்வொர்க்கில் அந்த எண்ணைத் தினமும் யாராவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள்.

ரவுட்டர் என்பது, வரும் தகவலை எந்தப் பக்கம் அனுப்புவது என்று முடிவு செய்யும் பெட்டி. அந்தப் பெட்டிகள் தங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ளும் முறைதான் ரவுட்டிங் புரோட்டோகால். பழைய "ரிப்" முறை, வழியில் எத்தனை ரவுட்டர் என்று மட்டும் எண்ணும். 15-ஐத் தாண்டினால் வழியே இல்லை என்று கைவிரிக்கும். அத்திப்பட்டிலிருந்து சென்ட்ரலுக்கு எத்தனை ஸ்டேஷன் என்று மட்டும் எண்ணுவது போல. "ஓஎஸ்பிஎஃப்" முறை, தடம் எவ்வளவு வேகம் தாங்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதன் உள்ளே ஓடுவது டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956-ல் யோசித்து 1959-ல் வெளியிட்ட கணக்கு. ஆம்ஸ்டர்டாமில் ஒரு காபிக் கடையில், பென்சில் காகிதம் இல்லாமல், இருபது நிமிடத்தில் பிடிபட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். யோசித்துப் பிறந்த ஒன்றை ஒப்பித்து எழுதுவது அநியாயம் இல்லையா?

இதைப் பழக லட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். சிஸ்கோவே "பாக்கெட் டிரேசர்" என்ற மென்பொருளை இலவசமாகத் தருகிறது. 4 ஜி.பி. ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். மூன்று ரவுட்டர்களை முக்கோணமாக இணை. மூன்றிலும் ஓஎஸ்பிஎஃப் போடு. ஒன்றுக்கொன்று பிங் போனதும் நிறுத்திவிடாதே. பாடம் அங்கேதான் ஆரம்பம். ஒரு கேபிளைப் பிடுங்கி, தகவல் சுற்று வழியில் போகிறதா என்று பார். பிறகு ஒரு பக்கம் மட்டும் ஹலோ நேரத்தை 10 விநாடியிலிருந்து 5 ஆக மாற்று. கொஞ்ச நேரத்தில் பக்கத்து ரவுட்டர் பட்டியலிலிருந்து காணாமல் போகும். கேபிள் நன்றாக இருக்கும், பச்சை விளக்கு எரியும், பக்கத்து முகவரிக்குப் பிங் கூடப் போகும். ஆனால் இரண்டும் வழி பேசிக்கொள்ளாது. ஒரே தெருவில் பேச்சு வார்த்தை இல்லாத இரண்டு பங்காளி வீடுகள் போல. ஏன் என்று நீயே கண்டுபிடித்து, நீயே சேர்த்து வை. அடுத்து, 100 மெகாபிட் தடத்துக்கும் 1000 மெகாபிட் தடத்துக்கும் அது ஒரே மதிப்பு போடுவதைக் கவனி; அதைத் திருத்து. இப்படிப் பத்து முறை கெடுத்துப் பத்து முறை சரிசெய்தவனை எந்தக் கேள்வித்தாளும் அசைக்க முடியாது.

"இவ்வளவு எதற்கு சார்?" என்பவர்களுக்கு: 2021 அக்டோபர் 4 இரவு ஞாபகம் இருக்கிறதா? நாம் பேசிக்கொண்டிருக்கும் இதே பேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய தரவு மையங்களை இணைக்கும் வலையையே துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய மென்பொருளிலும் பிழை. "பிஜிபி" என்ற ரவுட்டிங் முறையில் உலகத்துக்குச் சொல்லியிருந்த வழிகள் வாபஸ் ஆயின. "சிட்டிசன்" படத்தில் அத்திப்பட்டி வரைபடத்திலிருந்து அழிந்தது போல, பேஸ்புக் இணையத்தின் வரைபடத்திலிருந்தே அழிந்தது. (அது அத்திப்பட்டி, கற்பனை ஊர். நம்ம அத்திப்பட்டு பத்திரமாக இருக்கிறது!) அவ்வளவு பெரிய இடத்திலேயே இந்தக் கதி. அங்கே வலையைத் திரும்ப நிமிர்த்தியது, என்ன நடந்தது என்று யோசிக்கத் தெரிந்த மனிதர்கள். துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ராத்திரி இரண்டு மணிக்கு வலை அறுந்தால், டம்ப் படித்தவன் எந்தப் பக்கத்தைப் புரட்டுவான்?

"ஷிப்ட் முடிஞ்சு வர்றவனுக்கு நேரம் ஏது சார்?" நியாயமான கேள்வி. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் போதும். இப்போதைய தேர்வில் ஓஎஸ்பிஎஃப் ஒரே ஏரியா அளவில்தான் இருக்கிறது, மலை இல்லை. தேர்வுக் கட்டணமோ 300 டாலர், நம் காசில் இருபத்தைந்தாயிரத்துக்கு மேல். அந்தச் சான்றிதழும் மூன்று வருஷம்தான் செல்லும். முறைகேடு தெரிந்தால் அவர்களே பறித்துக்கொள்ளவும் முடியும். கஷ்டப்பட்ட காசை அப்படிக் கொண்டுபோய்க் கொட்டலாமா?

"கம்பெனிக்காரனே காகிதத்தைத்தானே கேட்கிறான்?" இதுவும் உண்மை. அதனால் பெரிய வேலைகளில் இருக்கும் என் பழைய மாணவர்களுக்கு இந்த வேண்டுகோள். நீங்கள் இன்டர்வியூ எடுக்கும்போது சான்றிதழை ஓரமாக வையுங்கள். ஒரு லேப்டாப்பைக் கொடுத்து, ஒரு இடத்தில் வேண்டுமென்றே கெடுத்து வைத்த மூன்று ரவுட்டர்களைக் காட்டி, "சரி பண்ணுப்பா" என்று பதினைந்து நிமிடம் கொடுங்கள். சரியாக முடிக்காவிட்டாலும் எங்கே தேடுகிறான் என்று பாருங்கள். நான் ஸ்டெப் மார்க் போட்டுத்தானே உங்களில் பாதிப் பேரைக் கரையேற்றினேன்? அதே நியாயத்தை இந்தப் பிள்ளைகளுக்கும் செய்யுங்கள். நீங்கள் கேட்பதை மாற்றினால், டம்ப் கடைகள் தாமாகவே சாத்திக்கொள்ளும்.

படிக்கும் பிள்ளைகள் முக்கோணத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, எங்கே மாட்டிக்கொண்டீர்கள் என்று கமென்ட்டில் எழுதுங்கள். இந்தத் துறையில் இருக்கும் உங்கள் அண்ணன்களும் அக்காக்களும் இங்கேதான் இருக்கிறார்கள்; பதில் சொல்வார்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்