பருவம் கடந்த பரு

முப்பத்தைந்து வயதுப் பெண்ணின் தாடையில் பருவைக் கண்டால் நாம் சும்மா இருப்பதில்லை. "எண்ணெய்ப் பண்டத்தைக் குறை", "முகத்தை நன்றாகக் கழுவு", "கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று உபதேசிக்கிறோம். கல்யாணமாகிப் பத்தாண்டு கழிந்தவளிடம் என்ன சொல்வதென்று மட்டும் நமக்குத் தெரிவதில்லை.

பரு பருவத்தோடு போய்விடும் என்பது நம் நம்பிக்கை; உடல் அதற்குக் கட்டுப்பட்டதல்ல. ஆண்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களில் தாடையிலும் மோவாயிலும் வலியோடு எழும் பரு பலருக்கும் இதன் விளைவே. அழுக்குக்கோ ஒழுக்கத்துக்கோ இதில் வேலையில்லை.

உபதேசம் பலிக்காதபோது மருந்துக்கடையில் சிவப்பழகுக் களிம்பைக் கேட்டு வாங்குகிறோம். அத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு உண்டு. பூசிய சில நாள் முகம் பளிச்சிடும். தொடர்ந்து பூசினால் அந்த ஸ்டீராய்டே புதிய பருக்களைக் கிளப்பும். 14 ஸ்டீராய்டுகள் கொண்ட களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கலாகாது என இந்திய அரசு 2018இல் ஆணையிட்டது இதனால்தான்.

முறையான சிகிச்சை இல்லாமலில்லை. இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் பழைய மருந்தான ஸ்பைரனோலாக்டோன், ஆண்ட்ரோஜனின் வேலையைத் தடுக்கிறது. பிரிட்டனில் 410 பெண்களிடம் நடத்தப்பட்டு 2023இல் வெளியான ஆய்வு, மருந்தில்லாப் போலி மாத்திரையைவிட அது பருவைக் கூடுதலாகக் குறைப்பதைக் காட்டியது. பலன் தெரிய மாதங்களாகும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது, மருத்துவர் சொல்லித்தான் உட்கொள்ள வேண்டும். மாதவிலக்கு தவறுவதும் முகத்தில் முடி வளர்வதும் சேர்ந்திருந்தால் சினைப்பையையும் அவர் சோதிப்பார்.

பருவைப் பதினாறு வயதின் அடையாளமாக எழுதியே பழகிவிட்டோம் நாம். நாற்பதை நெருங்கும் பெண் நம்மிடம் கேட்பது அழகுக்குறிப்பையல்ல, சிகிச்சைக்குப் போகும் உரிமையை. அதற்குக் குறுக்கே நிற்பது நம் நாக்குதான்.