அவமானத்துக்கு ஏன் பெண்ணுடை?

அதிகாரம் கையில் வந்தால் நல்லவனும் கெட்டுப்போவான் என்கிறார்கள். கைல் பேட்ரிக் அல்வாரெஸ் இயக்கி 2015இல் வந்த 'த ஸ்டான்ஃபோர்டு பிரிசன் எக்ஸ்பெரிமென்ட்' படத்தைப் பார்த்த பலரும் என்னிடம் சொன்னது இந்த ஒரு வரிதான். ஆண்களுக்கு இது வசதியான வரி. செய்தவன் தப்பித்துக்கொள்கிறான், பழி மனித இயல்பின் தலையில் விழுகிறது.

படம் உண்மையில் நடந்ததைச் சொல்கிறது. 1971 ஆகஸ்டில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பிலிப் சிம்பார்டோ ஒரு போலிச் சிறையை அமைத்தார். நாளுக்கு 15 டாலர் கூலிக்கு இளைஞர்களைச் சேர்த்தார். அத்தனை பேரும் ஆண்கள். யார் காவலர், யார் கைதி என்பதை நாணயம் சுண்டி முடிவுசெய்தார்கள். இரண்டு வாரத்துக்குத் திட்டமிட்ட சோதனை ஆறே நாளில் நின்றுபோனது.

கைதிகளுக்குக் கொடுத்த உடையைக் கவனியுங்கள். உள்ளாடை கிடையாது, மேலே கவுன் போல ஓர் அங்கி. நம் கண்ணுக்கு அது நைட்டி. ஆணைச் சிறுமைப்படுத்தப் பெண்ணாக்கினால் போதும் என்று ஒரு பேராசிரியருக்கே தோன்றியிருக்கிறது. காவலர்கள் அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் சிலரைப் பெண் ஒட்டகம் என்று சொல்லிக் குனியவைத்தார்கள். ஆறு நாளில் எந்தச் சிறையும் இதைக் கற்றுத்தராது. வீட்டிலிருந்தே கொண்டுவந்த பாடம் இது. போதாததற்கு, காவலர் ஒருவரைக் கடுமையாக நடந்துகொள்ளும்படி ஆய்வுக் குழுவைச் சேர்ந்தவரே வற்புறுத்திய ஒலிப்பதிவும் பின்னாளில் வெளிவந்தது.

சோதனையை நிறுத்தவைத்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக். வந்து பார்த்த ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களில் எதிர்த்துப் பேசியவர் அவர் ஒருவரே என்று சிம்பார்டோவே சொல்லியிருக்கிறார். மாஸ்லாக் அப்போது அவருடைய காதலி. அதனால் அவர் பேச்சு காதில் ஏறியது. அப்படி எந்த உறவும் இல்லாத பெண்ணின் பேச்சு யார் காதில் ஏறும்?

சேவுகம்பட்டியில் உட்கார்ந்துகொண்டு இதற்கு அமெரிக்காவில் பதில் தேட வேண்டியதில்லை. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்து நாச்சி அப்பேரல் ஆலையில் வேலைபார்த்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொலையுண்டு கிடந்தார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். அதன்பிறகுதான் மற்றப் பெண்கள் தாங்கள் பட்ட பாலியல் தொல்லைகளை வெளியே சொன்னார்கள். அங்கே யாரும் நாணயம் சுண்டவில்லை. யார் அதட்டுவது, யார் குனிந்து தைப்பது என்பதைச் சாதியும் பாலும் முன்பே முடிவுசெய்துவிட்டன.

அந்தப் பெண்கள் மனித இயல்பை நொந்துகொண்டு உட்காரவில்லை. தலித் பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் போராடியது. 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' கையெழுத்தானது. ஆலை நிர்வாகத்தோடு எச் அண்ட் எம் போன்ற நிறுவனங்களையும் அது சட்டப்படி கட்டுப்படுத்தியது. தொல்லைகளைக் கண்காணிக்கத் தொழிலாளிப் பெண்களுக்கே பயிற்சி தந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது என்று எழுதிவைத்தார்கள்.

மாணவிகளே, அதிகாரம் கெடுக்குமா என்று பரீட்சையில் கேட்டால் எழுதிவிட்டுப் போங்கள். ஆனால் வேலைக்குச் சேரும் இடத்தில் வேறு கேள்வி கேளுங்கள். இங்கே புகார்க் குழு இருக்கிறதா? அதில் யார் இருக்கிறார்கள்? புகார் சொன்னவளின் வேலைக்கு யார் பொறுப்பு? நல்ல மனம் படைத்த ஒருவர் வந்து நிறுத்துவார் என்று நாம் காத்திருக்க முடியாது.