30 கிளப்புக்கு மேல மாறின ஸ்ட்ரைக்கரும், 4 கம்பெனி மாறின நீங்களும்



போன மாசம் நம்ம சேனல்ல பி.எஃப். டிரான்ஸ்ஃபர் பத்தி ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, 6 வருஷத்துல 4 கம்பெனி மாறிட்டேன். சம்பளம் நல்லா ஏறியிருக்கு. ஆனா அப்பா தினமும் 'ஒரு இடத்துல நிலைக்க மாட்டியா'ன்னு திட்டுறார். நான் பண்றது தப்பா?"

இதுக்கு ரெண்டு வரியில பதில் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல. ஏன்னா நானும் ஒரு காலத்துல இதே திட்டு வாங்கினவன்தான். அதனால முதல்ல ஒரு ஆளோட கதையைச் சொல்றேன், அப்புறம் கணக்குக்கு வருவோம்.

அவர் பேர் செபாஸ்டியன் அப்ரேயு. உருகுவே நாட்டு ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர். ரசிகர்கள் வச்ச பட்டப்பேர் 'எல் லோகோ', அதாவது பைத்தியக்காரன். 1990-களின் நடுவுல டிஃபென்சர் ஸ்போர்ட்டிங்ங்கிற உள்ளூர் கிளப்புல ஆரம்பிச்சவர், 2021-ல 44 வயசுல கடைசி மேட்ச் ஆடினார். நடுவுல ஆடின கிளப் 30-ஐத் தாண்டும். நாடு மட்டும் 11: உருகுவே, அர்ஜென்டினா, பிரேசில், ஸ்பெயின், மெக்சிகோ, இஸ்ரேல், கிரீஸ், ஈக்வடார், பராகுவே, எல் சல்வடார், சிலே. 2017 கடைசியில சிலேயோட ஆடாக்ஸ் இத்தாலியானோ கிளப்புல சேர்ந்தப்போ அது அவருக்கு 26-வது கிளப். கின்னஸ்ல பேர் ஏறிடுச்சு. அதோட நிக்கவும் இல்ல, அதுக்கப்புறமும் மாறிக்கிட்டேதான் இருந்தார்.

நம்ம அப்பாக்கள் பார்த்திருந்தா என்ன சொல்லியிருப்பாங்கன்னு தெரியும். "உருப்படாதவன்."

ஆனா உருப்படாதவன் இல்ல. மெக்சிகோ லீக்ல ரெண்டு சீசன்ல டாப் ஸ்கோரர். தேசிய அணிக்காக 70 மேட்ச், 26 கோல். 2010 உலகக்கோப்பை காலிறுதியில கானாவுக்கு எதிரா பெனால்டி ஷூட்-அவுட். கடைசி உதையை அடிக்க வந்தவர் இவர்தான். நாடே மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இருக்க, பந்தை வேகமா அடிக்காம, கோலி ஒரு பக்கம் பாயுற நேரத்துல நடுவுல பூ மாதிரி தூக்கிப் போட்டார். உருகுவே அரையிறுதிக்குப் போயிடுச்சு. அடுத்த வருஷம் கோபா அமெரிக்கா ஜெயிச்ச அணியிலயும் இருந்தார்.

ஆக, மாறுறதுனால மட்டும் யாரும் கெட்டுப்போறதில்ல. ஆனா இந்த மனுஷனோட பயணத்தைக் கொஞ்சம் உத்துப் பார்த்தா, சம்பளக்காரங்களுக்கு மூணு பாடம் இருக்கு.

1. மாறினது நீங்களா, மாத்தப்பட்டீங்களா?

1998-ல ஸ்பெயினோட டெப்போர்ட்டிவோ லா கொருன்யா கிளப் அப்ரேயுவை வாங்கிச்சு. பெரிய லீக், பெரிய வாய்ப்பு. ஆனா அங்க அவர் ஆடினது ரொம்பக் கொஞ்சம். அடுத்த சில வருஷங்கள் அவரை லோன்ல பிரேசில், மெக்சிகோ, அர்ஜென்டினா, உருகுவேன்னு அனுப்பிக்கிட்டே இருந்தாங்க. 1999-2000 சீசன்ல டெப்போர்ட்டிவோ வரலாற்றுல முதல் தடவையா ஸ்பெயின் லீக்கை ஜெயிச்சப்போ, இவர் லோன்ல மெக்சிகோவுல ஆடிக்கிட்டு இருந்தார். காண்ட்ராக்ட் ஒரு இடத்துல, உழைப்பு இன்னொரு இடத்துல.

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ஒரு ஆட்டக்காரரை இத்தனை மில்லியனுக்கு வாங்கினாங்கன்னு செய்தி வரும்ல, அந்த டிரான்ஸ்ஃபர் காசு விக்கிற கிளப்புக்குப் போறது. ஆட்டக்காரருக்குக் கிடைக்கிறது அவர் பேசி வாங்குற சம்பளமும் போனஸும்தான். கிளையண்ட் கம்பெனி உங்க தலைக்கு மணிக்கு எவ்வளவு கொடுக்குதுங்கிறதும், மாசக் கடைசியில உங்க அக்கவுண்ட்ல எவ்வளவு விழுதுங்கிறதும் வேற வேறன்னு காண்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறவங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

அதனால முதல் கேள்வி: உங்க கடைசி ரெண்டு மாற்றத்துல எது உங்க முடிவு? மேனேஜர் மேல இருந்த கோபத்துல விட்டதும், பக்கத்து சீட்டுக்காரர் போனாருன்னு நீங்களும் போனதும் உங்க முடிவு கணக்குல வராது. என்ன கத்துக்கப் போறோம், எவ்வளவு கூட வரும், அங்கேருந்து அடுத்து எங்க போகலாம்னு மூணு வரி எழுதி வச்சுட்டு மாறினீங்கன்னா அது உங்க முடிவு.

2. நீங்க நல்லா ஆடினாலும் கிளப் தோக்கலாம்

மெக்சிகோவுல குலியாக்கான்னு ஒரு ஊர். அங்க டொராடோஸ்னு ஒரு சின்ன கிளப். 2006-ல அங்க அப்ரேயு ஆடினப்போ கூட ஆடினவர் யார் தெரியுமா? பெப் கார்டியோலா. இன்னிக்கு உலகத்தோட பெரிய கோச்னு சொல்றோமே, அவரேதான், ஆட்டக்காரரா தன் கடைசிக் காலத்துல. அந்த சீசன்ல 11 கோலோட லீக்கோட டாப் ஸ்கோரர் இடத்தைப் பகிர்ந்துக்கிட்டார் அப்ரேயு. அதே சீசன் முடிவுல டொராடோஸ் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிடுச்சு.

அப்ரெய்சல்ல உங்களுக்கு டாப் ரேட்டிங் வந்த அதே மாசம் கம்பெனி ஆள்குறைப்பு அறிவிக்கலாம். உங்க தப்பு எதுவும் இல்ல. ஆனா இ.எம்.ஐ. உங்களோடது.

இங்க என் கதையைச் சொல்லிடுறேன். 2014-ல முதல் கம்பெனியை விட்டப்போ பி.எஃப்.ல 62,000 ரூபாய் இருந்துச்சு. டிரான்ஸ்ஃபர் பண்ணாம எடுத்து, மேல கொஞ்சம் போட்டு பைக் வாங்கினேன். ரெண்டு வருஷம் கழிச்சு அடுத்த மாற்றம். பழைய இடத்துல ஒரு வெள்ளிக்கிழமை கடைசி நாள், புது இடத்துல சேர மூணு வாரம் இருந்துச்சு. சும்மா ஊர்ல இருந்துட்டு வரலாம்னு போனேன். ரெண்டாவது வாரம் அம்மாவுக்குப் பித்தப்பையில கல்லு, உடனே ஆபரேஷன்னு சொல்லிட்டாங்க. பில் 1,40,000. பழைய கம்பெனிக்குப் போன் பண்ணினா, "குரூப் இன்சூரன்ஸ் உங்க கடைசி நாளோட முடிஞ்சிடுச்சு"ன்னாங்க. அவங்க சொன்னது சரிதான், விதியே அதுதான். படிக்காம கையெழுத்துப் போட்டது நான்.

அக்கா தன் வளையலைக் கழட்டிக் கொடுத்தா. அடகு வச்சோம். பைக்கை வித்தப்போ 28,000 கிடைச்சது. அம்மா இப்ப நல்லா இருக்காங்க. ஆனா ஆஸ்பத்திரி வராண்டாவுல அக்காவோட வெறுங்கையைப் பார்த்த அந்த நிமிஷத்துக்கு அப்புறம்தான் நான் பணத்தைப் பத்திப் படிக்கவே ஆரம்பிச்சேன். இந்த சேனல் ஆரம்பிச்சதுக்குக் காரணமும் அதுதான்.

3. எது கூட வருது, எது ஜீரோவுக்குப் போகுது?

அப்ரேயு எந்த கிளப்புக்குப் போனாலும் பெரும்பாலும் 13-ம் நம்பர் சட்டைதான் போடுவார். மைதானம், மொழி, சாப்பாடு எல்லாம் மாறும். அந்த நம்பரும், கோல் அடிக்கத் தெரிஞ்ச இடது காலும் கூடவே வரும். உங்களுக்குக் கூட வர்றது எது?

முதல்ல உங்க யு.ஏ.என். நம்பர். கம்பெனி மாறினாலும் அது மாறாது. பழைய பி.எஃப். பணத்தைப் புது கணக்குக்கு மாத்திட்டீங்கன்னா பழைய சேவை வருஷமும் சேர்ந்து வரும். எடுத்துட்டீங்கன்னா? 5 வருஷ சேவை முடியறதுக்கு முன்னாடி எடுத்தா வரி உண்டு. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துட்டா அந்த சேவையும் போச்சு. இ.பி.எஸ். பென்ஷனுக்குத் தகுதி வர 10 வருஷ சேவை வேணும், ஒவ்வொரு தடவையும் எடுத்தா ஒவ்வொரு தடவையும் முதல்லேருந்து எண்ணணும். என்னோட 62,000-ஐ நான் தொடாம விட்டிருந்தா, வருஷத்துக்கு 8%-ன்னு வச்சுக்கிட்டாலும் 30 வருஷத்துல அது 6 லட்சத்தைத் தாண்டியிருக்கும். நான் அதை 28,000-க்கு வித்தவன்.

ரெண்டாவது, கிராஜுவிட்டி. இது கூட வராது. நிரந்தர ஊழியர்களுக்கு ஒரே கம்பெனியில 5 வருஷ தொடர் சேவை வேணும். கணக்கு இதுதான்: கடைசி பேசிக் சம்பளத்தை 15-ஆல பெருக்கி, 26-ஆல வகுத்து, வருஷத்தால பெருக்கணும். பேசிக் 40,000, 5 வருஷம்னா சுமார் 1,15,000 ரூபாய். 4 வருஷம் 3 மாசத்துல விட்டா சைபர். அதுக்காக விடவே கூடாதுன்னு சொல்லல. புது இடத்துல சம்பளம் பேசும்போது இந்த இழப்பையும் சேர்த்துப் பேசுங்க. இன்னும் சில மாசம்தான் பாக்கின்னா, சேர்ற தேதியைத் தள்ளிப்போட முடியுமான்னு கேளுங்க. கேட்டா யாரும் அடிக்க மாட்டாங்க.

மூணாவது, ஹெல்த் இன்சூரன்ஸ். சொந்தமா ஒரு பாலிசி இருந்தா அது எந்த கம்பெனியையும் நம்பி இருக்காது. ஏற்கெனவே இருக்கிற நோய்களுக்கு 3 வருஷம் வரைக்கும் காத்திருப்புக் காலம் இருக்கலாம். அதனால 25 வயசுல எடுக்கிறதுதான் லாபம், 40-ல சுகர் வந்தப்புறம் இல்ல.

நாலாவது, வரி. வருஷத்துக்கு நடுவுல மாறினா, பழைய கம்பெனியில வாங்கின சம்பள விவரத்தைப் புது கம்பெனிக்குக் கொடுங்க. கொடுக்கலைன்னா ரெண்டு பேரும் தனித்தனியா உங்களுக்கு விலக்கு கொடுத்து வரியைக் குறைச்சுப் பிடிப்பாங்க. ரிட்டர்ன் போடும்போது மொத்தமா வட்டியோட கட்டணும். அன்னிக்கு உக்காந்து அழுதுக்கிட்டு நமக்கு மெயில் போடுறவங்க வருஷா வருஷம் இருக்காங்க.

இப்போ என் கருத்து

அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்கு. இத்தாலியில ஃபிரான்செஸ்கோ டொட்டின்னு ஒரு ஆட்டக்காரர். 1993-லேருந்து 2017 வரைக்கும் ரோமா கிளப்பை விட்டு எங்கயும் போகல. லீக் ஜெயிச்சது ஒரே ஒரு தடவைதான். ஆனா அந்த ஊர்ல அவர் பேர் இன்னிக்கும் சாமி பேர் மாதிரி. நம்ம அப்பாக்கள் காலத்துலயும் ஒரே இடத்துல இருக்க இருக்க சர்வீஸ் ஏறும், பென்ஷன் ஏறும், மரியாதை ஏறும். அந்தக் கணக்குல அவங்க பண்ணினது ரொம்பச் சரி. உங்க ஆஃபர் லெட்டர்ல அந்தக் கணக்கு இல்ல. அதனால நீங்க மாறுறதுல தப்பு இல்ல.

ஆனா ஒண்ணு கவனிங்க. 40 வயசுக்கு மேலயும் அப்ரேயு மாறிக்கிட்டுதான் இருந்தார். எங்க? சிலேயோட இரண்டாம் டிவிஷன், எல் சல்வடார், பிரேசிலோட சின்ன கிளப்புகள். இளவயசுல மாறினப்போ மேல போறதுக்காக மாறினார். பின்னாடி மாறினது ஆட்டத்துல இருக்கிறதுக்காக. நமக்கும் அப்படித்தான். 25-லேருந்து 35 வரைக்கும் ஒவ்வொரு மாற்றமும் 30% ஹைக் கொடுக்கும். 45-ல அதே மாற்றம் பழைய சம்பளத்தைக் காப்பாத்திக் கொடுத்தாலே பெரிய விஷயம். ஏறுற காலத்துல வர்ற ஹைக்கை முழுசும் செலவு பண்ணிப் பழகிட்டா, இறங்குற காலத்துல அந்தப் பழக்கத்தை எதை வச்சு நடத்துவீங்க?

அதனால என் விதி ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு ஹைக்லயும் பாதி உங்களுக்கு, பாதி 45 வயசு உங்களுக்கு. 50,000 சம்பளம் 65,000 ஆச்சுன்னா, 7,500-ஐ ஜாலியா செலவு பண்ணுங்க, யாரும் கேக்க மாட்டோம். மிச்ச 7,500-க்கு முதல் மாசமே எஸ்.ஐ.பி. போடுங்க. வருஷம் 10% கிடைக்கும்னு ஒரு பேச்சுக்கு வச்சா, 10 வருஷத்துல நீங்க போட்ட 9 லட்சம் சுமார் 15 லட்சமா இருக்கும். உத்தரவாதம் இல்ல, சந்தை கூடலாம் குறையலாம். ஆனா பைக்கா போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

கூடவே ஆறு மாசச் செலவு தனியா ஒரு எஃப்.டி.யில இருக்கட்டும். ரெண்டு கம்பெனிக்கு நடுவுல இருக்கிற அந்த மூணு வாரம்தான் ரொம்ப ஆபத்தான காலம். அப்போ உங்களுக்கு கிளப்பே கிடையாது.

தம்பி, உங்க கேள்விக்குப் பதில்: 4 கம்பெனி மாறினது தப்பே இல்ல. இன்னிக்கு ராத்திரி பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து பாருங்க. 4 கம்பெனி பணமும் ஒரே இடத்துல இருந்தா, அந்த ஸ்கிரீனை அப்பாகிட்ட காட்டுங்க. தனித்தனியா சிதறிக் கிடந்தா, அவர் திட்டுறதுல பாதி நியாயம்னு ஒத்துக்கிட்டு, நாளைக்கே டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் போடுங்க.

அக்காவோட வளையலை மீட்க எனக்கு 11 மாசம் ஆச்சு. உங்களுக்கு அந்த நிலைமை வர வேண்டாம்.