திரும்பி வரும் படகின் எடை

விசைப்படகு ஒன்றைப் பற்றி விசாரிப்போர் முதலில் கேட்பது அதன் குதிரைச் சக்தியை. அடுத்துக் கேட்பது அதன் வேகத்தை. எரிபொருள் தொட்டி எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று கேட்போர் மிகச் சிலரே. எஞ்சினும் இருக்கைகளும் பொருத்தப்பட்ட பின்னர், இடம் எஞ்சிய மூலையில் தொட்டியைத் திணித்துவிடும் வழக்கம் இன்றும் மறையவில்லை. மெதுவாகச் செல்லும் படகில் இதனால் பெருந்தீங்கு விளைவதில்லை. விரைந்து செல்லும் படகிலோ இது பிழை. அதுவும் சிறு பிழையன்று.

மெதுவாகச் செல்லும் படகை நீரின் மிதப்பு விசை தாங்குகிறது. அடிப்பாகம் முழுவதும் நீரில் படிந்திருப்பதால், எடை சற்று இடம் மாறினாலும் படகு சிறிது சாய்ந்து அமைதியுறும். வேகம் மிகும்போது அது நீரைக் கிழித்துச் செல்வதை விட்டு, நீர்ப்பரப்பின் மீது வழுக்கி ஓடத் தொடங்குகிறது. அப்பொழுது அதைப் பெரிதும் தாங்குவது, அடித்தளத்தின் பின்பகுதியில் சிறியதோர் இடத்தில் வந்து மோதும் நீரின் விசையே. இத்துணைச் சிறிய ஆதாரத்தின் மீது ஓடும் படகின் ஈர்ப்பு மையம் ஒரு சாண் நகர்ந்தாலும் ஓட்டத்தின் தன்மையே வேறாகிவிடும். மையம் மிகவும் பின்னே சென்றால் முகப்பு எழுந்தெழுந்து விழும்; படகு ஓங்கிலைப் போலத் துள்ளும். மிகவும் முன்னே வந்தால் முகப்பு அலையில் குத்தும். சுக்கான் சொற்படி நில்லாது.

எரிபொருளின் எடை அற்பமானதன்று. எரிபொருள் நீங்கலாக 1,500 கிலோகிராம் எடையுள்ள படகு ஒன்றில் 300 லிட்டர் பெட்ரோல் நிரப்பப்படுவதாகக் கொள்க. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோகிராம். ஆகவே ஏறும் எடை 225 கிலோகிராம். தொட்டியின் நடுவிடம் படகின் ஈர்ப்பு மையத்திற்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்குமானால், தொட்டி நிறைந்தவுடன் மையம் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் பின்னே நகரும். பெட்ரோல் தீரத் தீர முன்னே வரும். தொட்டி அதே தொலைவு முன்னால் இருக்குமானால் நிலைமை தலைகீழாகும். புறப்படும்போது முகப்பு அடக்கமாக இருக்கும். ஓட்டுநருக்குப் படகின் மீது நம்பிக்கை பிறக்கும். திரும்பும் வேளையில், அவர் களைத்திருக்கும் பொழுது, முகப்பு இலேசாகிவிடும். இரண்டனுள் இதுவே கொடியது.

மாறும் எடை எதுவோ அது ஈர்ப்பு மையத்திற்கு நேராக அமைய வேண்டும். பாட்டரி, நங்கூரம், கருவிப்பெட்டி முதலிய மாறா எடைகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சமன் செய்துகொள்ளலாம். பின்பலகையில் பொருத்தப்படும் சமன் தகடுகள் இருக்கும்போது இவ்வளவு கவலை ஏன் என்று வாதிப்போர் உண்டு. அத்தகடுகள் எழுந்த முகப்பைத் தாழ்த்த வல்லவை. தாழ்ந்த முகப்பை உயர்த்த வல்லவை அல்ல. தாழ்த்தும்போதும் நீரின் எதிர்ப்பை மிகுவித்து வேகத்தையும் எரிபொருளையும் விலையாகப் பெறுகின்றன. வைத்தியம் இருக்கிறதென்று நோயை வரவழைப்பார் எவருமில்லை.

இப்பொருளில் பலரும் அறிய வேண்டிய நிகழ்ச்சி ஒன்று பிரிட்டனில் நடந்தது. டொனால்டு கேம்பெல் என்பார் தமது ‘புளூபேர்டு’ படகில் 1966ஆம் ஆண்டு ‘ஆர்ஃபியஸ்’ ஜெட் எஞ்சினைப் பொருத்தினார். (இவ்வகை எஞ்சின் இந்தியாவுக்கும் புதியதன்று, நாட், மாருத் போர் விமானங்களை இயக்கியதும் இதுவே.) எஞ்சின் மாறியதும் படகின் எடைப் பங்கீட்டையும் திருத்த வேண்டியதாயிற்று, நவம்பர் இறுதியில் அத்திருத்தங்கள் செய்யப்பட்ட பின்னரே விரைவோட்டங்கள் இயன்றன. 1967 ஜனவரி 4ஆம் நாள் கோனிஸ்டன் ஏரியில் முதல் ஓட்டத்தை அவர் மணிக்கு ஏறத்தாழ 479 கிலோமீட்டர் வேகத்தில் முடித்தார். சாதனைக்கு இரு திசை ஓட்டங்களின் சராசரியே கணக்கு. எரிபொருள் நிரப்பாமலும், தம் படகு எழுப்பிய அலை அடங்கும் வரை காத்திராமலும் அவர் உடனே திரும்பினார். வேகம் 500 கிலோமீட்டரைத் தாண்டிய நிலையில் முகப்பு எழுந்தது; படகு காற்றில் புரண்டு நீரில் மோதிச் சிதைந்தது; கேம்பெல் உயிரிழந்தார். அலை, எஞ்சினின் உந்துவிசை திடீரெனக் குறைந்தமை, எரிபொருள் குறைந்ததால் படகு இலேசானமை என்று காரணங்கள் பல கூறப்படுகின்றன. ஏதேனும் ஒன்றே காரணம் என்று துணிவதற்கில்லை. ஆயினும் முதல் ஓட்டம் ஓடிய படகும் இரண்டாம் ஓட்டம் ஓடிய படகும் எடையால் ஒன்றல்ல என்பது மறுக்கவியலாதது.

சாதனைப் படகுகளுக்கும் களப்பணிக்கும் வெகு தூரம் என்று எண்ணுதல் தவறு. வெள்ள மீட்பில் பயன்படும் காற்றடைத்த ரப்பர்ப் படகை எடுத்துக்கொள்க. மீட்கப்பட்டோரைக் கரையில் இறக்கிவிட்டு ஓட்டுநர் தனியே திரும்புகிறார். எஞ்சின் பின்னே, அவரும் பின்னே, தொட்டியும் அவர் காலடியில். முன்னே எடை ஏதுமில்லை. எதிர்க்காற்றில் விசையைக் கூட்டினால் முகப்பு எழும். அதன் அடியில் புகும் காற்று படகைப் பின்புறமாகக் கவிழ்த்துவிடக்கூடும். அனுபவமுள்ள ஓட்டுநர்கள் தொட்டியை முன்னே நகர்த்திக் கட்டிவிடுகின்றனர். எரிபொருட்குழாய் எட்டுமாயின், எங்கும் நசுங்காதிருக்குமாயின், அது நல்லதே. ஆயினும் அது தீர்ந்துகொண்டே வரும் எடை. நீர் நிரப்பிய மூடிய கேன் ஒன்றை முகப்பில் கட்டுதல் அதனினும் மேல். நீர் எரிந்து தீர்வதில்லை.

படகு வாங்கும் அலுவலகங்கள் குதிரைச் சக்தியையும் வேகத்தையும் மட்டும் எழுதிக் கேட்பது போதாது. தொட்டி நிறைந்த நிலை, கால்பங்கு எஞ்சிய நிலை ஆகிய இரண்டிலும் ஈர்ப்பு மையம் எங்கே இருக்கும் என்பதைக் கட்டுவோர் எழுத்தில் தர வேண்டும் என்றும், இரு நிலைகளிலும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தல் தகும். நிறைந்த தொட்டியுடன் மட்டும் நடத்தும் சோதனை பாதிச் சோதனையே.

இதனைச் சரிபார்ப்பதும் கடினமன்று. படகை முன்னொன்று பின்னொன்றாக இரு தராசுகளின் மீது மட்டமாக நிறுத்தி, முன் தராசு காட்டும் எடையை இரு தராசுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, மொத்த எடையால் வகுத்தால், பின் தராசிலிருந்து மையம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். வகுப்பறையில் படகுக்குப் பதிலாக ஒரு மரச்சட்டமும் இரண்டு சிறு தராசுகளும் ஒரு நீர்க்குவளையும் போதும். குவளையைச் சட்டத்தின் முனையில் வைத்து ஒருமுறையும், நடுவில் வைத்து ஒருமுறையும் நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றி, ஒவ்வொரு முறையும் மையத்தைக் கணக்கிட்டுக் குறித்துவரும்படி மாணவரிடம் சொல்லலாம்.