யாருக்காக இந்தப் பயிற்சி?

"நமது இளைஞரிடம் படிப்பு இருக்கிறது, திறமை இல்லை. ஆகவேதான் வேலையும் இல்லை." பரிசளிப்பு விழா மேடைகளிலும் தொழில் வழிகாட்டற் கருத்தரங்குகளிலும் இந்த வாக்கியம் இன்று மந்திரம்போல் ஓதப்படுகிறது. நோய் திறமையின்மை; மருந்து பயிற்சி; மருத்துவர் பயிற்றுநர்! வேலையற்றவனே தன் வேலையின்மைக்குக் குற்றவாளி என்னும் தீர்ப்பு இந்த எளிய மந்திரத்துக்குள் ஒளிந்திருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. பல்கலைக்கழகம் விட்டு வெளியேறும் நம் மாணவர் சிலர் நிறுவனங்களிற் பயிற்சி அலுவலராய் அமர்கின்றனர். ஆசிரியத் தொழிலின் உடன்பிறப்பாகிய இத்தொழிலைப் பற்றி ஆசிரியர்களாகிய நாம் மௌனம் சாதித்தல் தகாது.

முதலில் அந்த மந்திரத்தைச் சோதிப்போம். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950இல் உற்பத்தியைத் தொடங்கியது. நாற்பது ஆண்டுகள் நம் மக்கள் அங்கே சூளையையும் அரைவை இயந்திரத்தையும் மின்பொறியையும் ஆண்டனர். அத்திறமையைப் பெரும்பாலும் ஆலைக்குள்ளேயே, மூத்த தொழிலாளியின் பக்கத்தில் நின்று பெற்றனர். 1990இல் போர் அந்த ஆலையை மூடியது. பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் போரில் அழிந்தது. அன்று தொழிலாளியின் கையிலிருந்த திறமை ஒரே இரவில் ஆவியாய்ப் போயிற்றா? கை இருந்தது, கைத்திறன் இருந்தது, ஆலைதான் இல்லை. இன்றும் எங்கள் அரியாலையின் நடுவே ஓடும் கண்டி வீதியால், சான்றிதழ்க் கோவையைக் கையிற் பிடித்துக்கொண்டு தெற்கு நோக்கிப் பேருந்தேறும் இளைஞனிடம், "உனக்குத் திறமை போதாது" என்று சொல்ல எவருக்கு உரிமை உண்டு? திறமை தானாகவே ஆலையைப் பெற்றெடுப்பதில்லை. முதலீடும் அரசின் கொள்கையும் அமைதியும் சேர்ந்தே ஆலையை ஆக்குகின்றன. அவற்றைக் கேட்க வேண்டிய இடத்திற் பயிற்சியைக் காட்டி வாயடைப்பது ஏமாற்று.

அவ்வாறாயின் பயிற்சியே வேண்டாமா? அப்படிச் சொல்பவர் நம் சமுதாயத்தின் வரலாற்றை மறந்தவர். தொழிலறிவு பிறப்பின் சொத்தாய்ப் பூட்டிவைக்கப்பட்டிருந்த மண் இது. தச்சனின் மகன் தச்சன். கொல்லனின் மகன் கொல்லன். நிலம் உடையவனின் மகனுக்கோ உத்தியோகம். இந்தப் பூட்டைக் கல்வியின் பெயராலேயே மீண்டும் பூட்டும் முயற்சி ஒன்று 1953இற் சென்னை மாகாணத்தில் நடந்தது. பிள்ளைகள் அரைநாள் பள்ளியிற் படிக்கட்டும், மறு அரைநாள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது இராஜாஜி அரசு. மக்கள் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று சரியாகவே பெயரிட்டு எதிர்த்தனர். 1954இற் காமராசர் ஆட்சிக்கு வந்ததும் அது கைவிடப்பட்டது. 'தொழிற்பயிற்சி' என்ற நல்ல சொல்லுக்குள் எத்தகைய அநீதியும் குடியேறலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இதற்கு நேரெதிரான சான்றுகளும் உண்டு. 1959இல் தொடங்கி இன்று மொறட்டுவையில் இயங்கும் இலங்கை-ஜெர்மன் தொழினுட்பப் பயிற்சி நிறுவனமும், 2016இற் கிளிநொச்சி அறிவியல் நகரில் திறக்கப்பட்ட இலங்கை-ஜெர்மன் பயிற்சி நிறுவனமும் எவருடைய குலத்தையும் கேட்டுக் கதவைத் திறப்பவையல்ல. 1971ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம், தொழில் பழகுவதைப் பொதுச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்தது. இவை காக்கப்பட வேண்டிய பேறுகள்.

ஆலைக்குள் நடைபெறும் பயிற்சிக்கும் இவ்வாறே இரு முகங்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 முதல் 1945 வரை, ஐக்கிய அமெரிக்காவில் 'தொழிலகத்துள் பயிற்சி' என்றொரு இயக்கம் நடந்தது. பாசிசத்தை முறியடிக்கப் படைக்கலம் வேண்டும். அதைச் செய்யப் புதியவர்கள் விரைந்து தொழில் பழக வேண்டும். கற்பவரை ஆயத்தப்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்யவிடு, பின்னர் தொடர்ந்து கவனி என்ற நான்கு படிகளை அது வகுத்தது. கற்பவர் கற்கவில்லையாயின் குற்றம் கற்பித்தவருடையது என்பதே அதன் அடிப்படை விதி. வகுப்பறையில் நிற்கும் நாமும் தலைவணங்க வேண்டிய விதி! வேலையற்றவனைக் குற்றவாளியாக்கும் நம் மேடைப் பேச்சாளர் இவ்விதியின் பக்கமே வருவதில்லை.

மற்றைய முகத்தை 1911இல் டெய்லர் தமது நூலிற் காட்டினார். சிந்திப்பது நிருவாகத்தின் வேலை; செய்வது தொழிலாளியின் வேலை. இந்தப் பிரிவினைக்குள் வந்துவிட்டால் பயிற்சி என்பது தொழில் முழுவதையும் கற்பிப்பதன்று. அதன் ஒரு துணுக்கை மட்டும் கையிற் கொடுப்பது. 1959இற் கேர்க்பற்றிக் என்ற அமெரிக்கர், பயிற்சியை மதிப்பிட நான்கு வினாக்களை முன்வைத்தார். பயிற்சி பெற்றவர் அதை விரும்பினாரா? கற்றாரா? வேலையில் அவர் நடத்தை மாறிற்றா? நிறுவனத்துக்குப் பலன் கிட்டிற்றா? இன்றும் பயிற்சி அலுவலர் கையிலுள்ள அளவுகோல் இதுவே. பயிற்சியினால் தொழிலாளியின் கூலி உயர்ந்ததா என்ற ஐந்தாம் வினா அதில் இல்லை. அது தற்செயலான மறதியா?

அந்த வினா கேட்கப்படாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைக் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகள் காட்டின. இந்தியாவின் 1961ஆம் ஆண்டுப் பயிலுநர் சட்டப்படி பயிலுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர். 'பயிலுநர்' என்ற அப்பெயரின் நிழலில், ஏழைக் குடும்பங்களின் இளம் பெண்களை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் ஆலை விடுதிகளில் அடைத்தனர். ஈற்றில் ஒரு தொகை, திருமணச் செலவுக்கு உதவும் என்றனர். இடையில் நோயுற்று வெளியேறியவள் அத்தொகையை இழக்க நேர்ந்தது. இதற்குச் 'சுமங்கலித் திட்டம்' என்று பெயர்! ஒல்லாந்து ஆய்வு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட அறிக்கை இதனை உலகறியச் செய்தது. அறுந்த நூலை முடியக் கற்க மூன்று ஆண்டுகள் வேண்டுமா? மூன்று ஆண்டுகள் வேண்டியிருந்தது குறைகூலிக்கே.

நமது நாட்டில் இந்நோய் வேறொரு வேடம் பூண்டு வருகிறது. அதன் பெயர் 'மனப்பாங்குப் பயிற்சி'. குளிரூட்டிய அறையில் ஒருநாள் அமர்வு. புன்னகைப்பது எப்படி, குறை சொல்லாதிருப்பது எப்படி என்று பாடம். பத்து மணிநேரம் நின்று வேலை செய்பவளின் கால்வலிக்கு ஓர் இருக்கை கொடுப்பதிலும், வலியைப் பொறுக்கும் மனத்தைக் கொடுப்பது மலிவல்லவா? தொழிற்சங்கம் பேச வேண்டியதைப் பயிற்றுநர் பேசி முடித்துவிடுகிறார். கேள்வி வேண்டுகோளாகவும், வேண்டுகோள் மௌனமாகவும் தேய்கிறது.

பயிற்றுநர் பணியை ஏற்கும் நண்பர்களை நாம் பழிக்கவில்லை. அவர்களும் கூலிக்கு உழைப்பவர்களே. ஆயினும் கற்பிப்பவன் நடுநிலையில் நிற்க முடியாது. சம்பளம் தருபவரின் கணக்குக்கும் எதிரே அமர்ந்திருப்பவரின் வாழ்வுக்கும் இடையில் அவன் தினமும் ஒரு பக்கத்தைத் தேர்கிறான். நேர்மையான பயிற்றுநர் துணுக்கைத் தராமல் தொழிலைத் தருவார். இயந்திரத்தை இயக்குவதோடு, அதன் ஆபத்தையும் தொழிலாளர் சட்டத்தையும் ஊழியர் சேமலாப நிதியின் கணக்கையும் கற்பிப்பார். சாரத்தில் நின்று முப்பது ஆண்டுகள் தொழில் பழகிய மேசனுக்குப் பத்திரம் இல்லையென்று அவரைத் தள்ளிவிடமாட்டார். முன்னர் கற்ற திறனைச் சோதித்துத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் பெறும் வழி நம் நாட்டில் இருக்கிறது. அந்த வழியை அவருக்குக் காட்டுவார்.

நாம் கேட்க வேண்டியவை மூன்று. பயிற்சிக் காலத்துக்கும் முழுமையான கூலி வேண்டும். தொழிலகத்துள் பெற்ற பயிற்சிக்கு, எங்கும் செல்லுபடியாகும் சான்றிதழ் வேண்டும். என்ன கற்பிப்பது என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் தொழிலாளர் பிரதிநிதிக்கும் ஓர் ஆசனம் வேண்டும். இவற்றைக் கேட்கும் துணிவை நம் மாணவருக்குக் கற்பிப்பதே ஆசிரியர்களாகிய நமது தொழிற்பயிற்சி. புன்னகைக்கக் கற்பிக்க ஆட்கள் ஏராளம். கேள்வி கேட்கக் கற்பிப்போம்!