கோரணியும் அன்று, கோட்டியும் அன்று

உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படும் என்பது தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்துக் காட்டிய நெறி. நகை தொடங்கி உவகை ஈறாக எட்டு மெய்ப்பாடுகளை அவர் சுட்டுகிறார். தமிழ் பயின்ற நாம் அந்நெறியில் நன்கு பழகியவர்கள். புருவம் நெரிந்தால் வெகுளி என்றும், கண் விரிந்தால் மருட்கை என்றும் பொருள் கொள்கிறோம். இலக்கியம் கற்பார்க்கு இஃது இன்றியமையாத பயிற்சி. ஆயினும் இப்பயிற்சியோடு வகுப்பறைக்குள் ஆசிரியராக நுழையும்போது, உள்ளத்தில் எவ்வுணர்வும் இன்றியே முகம் சுளிக்கும் சிறுவன் ஒருவன் நம்முன் அமர்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

அத்தகைய சிறுவர் எப்பள்ளியிலும் உளர். ஒருவன் ஓயாது கண் சிமிட்டுவான். மற்றொருவன் தோளைக் குலுக்குவான். கழுத்தை ஒருபுறம் வெட்டி இழுப்பான். இன்னொருவன் மூக்கை உறிஞ்சுவான், தொண்டையைச் செருமுவான், சில வேளை சிறு கூவல் ஒன்றும் அவனிடமிருந்து எழும். இவ்வசைவுகளும் ஒலிகளும் திடீரென வருவன, விரைந்து மறைவன, மீண்டும் வருவன. நம்மூர் விசைத்தறிபோல ஒரே தாளத்தில் இயங்குவன அல்ல. மருத்துவர் இவற்றை 'டிக்' என்பர்.

இதற்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடி நம் வட்டார வழக்கிற்குள் சென்றால் கிடைப்பவை நமக்குப் பெருமை சேர்ப்பன அல்ல. கோரணி காட்டுகிறான், வக்கணை காட்டுகிறான், பழிப்புக் காட்டுகிறான் என்கிறோம். 'காட்டுதல்' என்னும் வினையே, அவன் வேண்டுமென்று செய்கிறான் என்னும் தீர்ப்பைத் தன்னுள் அடக்கி நிற்கிறது. அத்தீர்ப்பு பொருந்தாதபோது 'கோட்டி' என்று அடுத்த தீர்ப்பை எழுதுகிறோம். குறும்பு அல்லது பித்து என்னும் இரண்டிற்கும் அப்பால் ஒரு நிலை உண்டு என்பதற்கு நம் பேச்சில் இடமே இல்லை. அதனால் இக்கட்டுரையில் 'டிக்' என்னும் பிறமொழிச் சொல்லையே ஆள்கிறோம். அதில் பழியேதும் இல்லை.

பிரெஞ்சு மருத்துவர் ழில் த லா தூரெட் 1885-இல் இத்தகையோர் ஒன்பதின்மரைப் பற்றி எழுதினார். பலவகை அசைவுகளோடு ஒலியும் சேர்ந்து ஓராண்டிற்கு மேல் நீடிப்பதை இன்று அவர் பெயராலேயே 'தூரெட்' என்கின்றனர். பள்ளிச் சிறார் 1000 பேரில் 3 முதல் 8 பேருக்கு அது காணப்படும் என்பது மருத்துவ உலகின் மதிப்பீடு. சில மாதங்களில் தாமே மறையும் எளிய டிக்குகள் அதனினும் மிகப் பல. பெரும்பாலும் 4 முதல் 6 வயதிற்குள் தொடங்கி, 10 முதல் 12 வயதில் மிகுந்து, வளரிளம் பருவத்தின் இறுதியில் பலர்க்குத் தணிந்துவிடும். பெண் குழந்தைகளினும் ஆண் குழந்தைகளிடம் மிகுதி. மூளையின் இயக்கத்தில் தோன்றுவது. குடும்ப வழியாக வருவதும் உண்டு. பெற்றோர் வளர்ப்பால் வருவதன்று. பள்ளி இதனை உண்டாக்குவதும் இல்லை. ஆனால் மிகும் பருவம் ஐந்தாம் வகுப்பு முதல் ஏழாம் வகுப்பு வரையிலான காலம் என்பதைக் கருதுக. நாம் பிரம்பையும் மதிப்பெண்ணையும் ஒருங்கே உயர்த்தும் காலமும் அதுவே.

இங்கே ஆசிரியர் தவறாது கூறும் ஒரு வாதத்தை ஆராய வேண்டும். "தலைமையாசிரியர் வந்தால் இவன் ஒழுங்காக உட்காருகிறான், அவர் போனதும் தொடங்கிவிடுகிறான். எனவே வேண்டுமென்றே செய்கிறான்" என்பது அவ்வாதம். கேட்பதற்குப் பொருத்தமாகவே தோன்றும். ஆனால் தும்மலையும் நாம் சிறிது நேரம் அடக்குகிறோம். அடக்க முடிவதால் தும்மல் நம் விருப்பத்தால் வருவதாகிவிடுமா? டிக் வருமுன் உடலின் அவ்விடத்தில் ஒருவகை அரிப்பு அல்லது இறுக்கம் எழுவதாகச் சற்று வளர்ந்த சிறுவர் பலர் கூறுகின்றனர். அவ்வுந்துதலைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்த அவர்களால் இயலும். அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையே நாம் அறியாதது. அடக்குவதிலேயே மனம் முழுதும் நிற்பதால் பாடம் செவியில் விழுவதில்லை. மாலையில் வீடு சேர்ந்ததும் அடக்கியதெல்லாம் வெளிப்படும். பள்ளியில் நல்லவன், வீட்டில்தான் இப்படி என்று தாய்மீது பழி விழும்.

அச்சமும் களைப்பும் மனக்கிளர்ச்சியும் டிக்கை மிகுவிப்பன. 'கண்ணைச் சிமிட்டாதே' என்று ஒருமுறை கூறினால் பத்துமுறை சிமிட்டுவான். ஆதலின் நாம் தரும் தண்டனையே அடுத்த தண்டனைக்குரிய குற்றத்தை விளைவிக்கிறது. மாறாக, மனம் ஒன்றிச் செய்யும் செயலில் டிக் பெரிதும் அடங்குவதைக் காணலாம். மக்தபில் திருக்குர்ஆன் ஓதும் சிறுவர் முன்னும் பின்னும் அசைந்தாடியே ஓதுகின்றனர். அவ்வசைவை எவரும் ஒழுக்கக்கேடு என்றதில்லை. அசையாது அமர்வதே கல்வி என்னும் எண்ணம் எங்கிருந்து நம்மிடம் வந்ததோ!

இந்நிலைக்கு மற்றோர் இயல்பும் உண்டு. சில வாரம் மிகும், சில வாரம் தணியும். நம் மக்களின் அலைச்சல் அனைத்திற்கும் இதுவே காரணம். கண் சிமிட்டினால் கண்ணாடி, மூக்குறிஞ்சினால் ஒவ்வாமை மருந்து, கழுத்தை வெட்டினால் தாயத்து என்று தொடர்கிறார்கள். சங்கரன்கோவிலில் கோமதியம்மன் சன்னிதி முன்னுள்ள சக்கரக் குழியில் மனக்கலக்கம் உற்றோரை அமர்த்தி வேண்டுவது நெடுநாள் வழக்கம். பொட்டல்புதூர் தர்காவிற்கு இரு சமயத்தாரும் குழந்தைகளோடு செல்கின்றனர். நம்பிக்கை தரும் ஆறுதலை இகழ்வது நம் நோக்கமன்று. ஆனால் டிக் தானே தணியும் வாரத்தில் கடைசியாகச் செய்தது எதுவோ அதற்கே புகழ் சேர்கிறது; மீண்டும் மிகும்போது குழந்தைமீதே குற்றம் சேர்கிறது. பள்ளியிலிருந்து ஆள் அனுப்பும் ஒவ்வொரு முறையும் தறிக்கூடத்துக் கூலியை இழந்து வந்து நிற்கும் தாயிடம் "பையனைக் கண்டித்து வையுங்கள்" என்பதைத் தவிர நாம் வேறென்ன சொல்லியிருக்கிறோம்?

பேராசிரியர் பலர் போற்றும் சாமுவேல் ஜான்சனின் வாழ்வில் ஒரு செய்தி உண்டு. 1755-இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட அப்பேரறிஞர்க்கு உடலிலும் முகத்திலும் ஓயாத சுளிப்புகள் இருந்தன. அது தூரெட் நிலையே என்பது இக்கால மருத்துவர் பலரின் துணிபு. 1735-இல் இங்கிலாந்தின் சோலிஹல் ஊர்ப் பள்ளிக்கு அவர் பெயர் தலைமையாசிரியராகப் பரிந்துரைக்கப்பட்டபோது பள்ளியார் மறுத்தனர். முகத்தைக் கோணுவது அவர் வசத்தில் இல்லை என ஒப்புக்கொண்டே, இளஞ்சிறுவர்க்கு அது தீங்காகும் என்று காரணம் கூறினர். அறியாமையால் மறுத்திருந்தால் மன்னிக்கலாம். இவர்கள் அறிந்தே மறுத்தனர். இரண்டரை நூற்றாண்டிற்குப் பின்னும் அமெரிக்காவில் பிராட் கோயன் என்பவர் ஆசிரியப் பணி தேடியபோது 24 பள்ளிகள் அவரை ஏற்கவில்லை. பின்னர் அவர் சிறந்த ஆசிரியராகப் பாராட்டப்பெற்றார். அவர் வரலாற்றைத் தழுவியே 2018-இல் ராணி முகர்ஜி நடித்த 'ஹிச்சுக்கி' என்னும் இந்தித் திரைப்படம் வந்தது.

நாத்தடை உடைய மூஸா நபி (அலை) தம் சகோதரர் ஹாரூனைத் துணையாகத் தருமாறு இறைவனிடம் வேண்டியதைத் திருக்குர்ஆன் கூறுகிறது. தடையுடையவர் என்று அவர் ஒதுக்கப்படவில்லை. வேண்டிய துணை வழங்கப்பட்டது. சோலிஹல் பள்ளியார் செய்தது இதற்கு நேர்மாறு. நம் பள்ளிகள் எவ்வழி நிற்கின்றன?

ஐம்பது பேர் அமர்ந்த வகுப்பில் ஒருவனுக்காகத் தனிவழி காண இயலாது என்பர். இங்கே வேண்டுவது மிகுதியான உழைப்பன்று, ஒன்றைச் செய்யாதிருத்தலே. டிக்கைக் காணாததுபோல் பாடத்தை நடத்துவது ஆசிரியர் செய்யக்கூடிய தலையாய உதவி. அவனை முன்வரிசையின் நடுவில் அமர்த்தாது ஓரத்தில், வாயிலருகே அமர்த்தினால், அடக்க முடியாதபோது ஐந்து நிமிடம் வெளியே சென்று வருவான். கேலி செய்யும் மாணவரிடம், அவன் இசைவு பெற்று, உண்மையைச் சொல்லலாம். சிறுவர் நம்மினும் விரைவில் புரிந்துகொள்வர். படிப்பிற்கு இடையூறாகும் அளவிற்கு மிகுந்தால், அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டும். அல்லது தென்காசி அரசு மருத்துவமனைக்கோ, பாளையங்கோட்டையிலுள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ வழிகாட்ட வேண்டும். உந்துதல் எழும்போது அதற்கு எதிரான வேறோர் அசைவைப் பழக்கும் பயிற்சி இன்று உண்டு; கடுமையானவர்க்கு மருந்தும் உண்டு. கவனக்குறைவும், ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்யும் எண்ணச் சுழலும் பலர்க்கு உடன் இருக்கும். படிப்பைக் கெடுப்பவை பெரும்பாலும் அவையே.

சட்டம் நமக்குத் துணையாகவே உள்ளது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத்துன்பம் தருவதையும் தடுக்கிறது. மாணவனின் சுளிப்பை ஆசிரியரே நடித்துக் காட்டி வகுப்பைச் சிரிக்க வைப்பது எவ்வகையில் சேரும் என்பதை நாமே முடிவு செய்யலாம். ஆனால் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளுள் டிக்கோ தூரெட்டோ பெயர் சுட்டி இடம்பெறவில்லை. அதனால் தேர்வுக்கூடத்தில் தனி அறை வேண்டும் பெற்றோர் எப்பிரிவின்கீழ் விண்ணப்பிப்பது என்று தெரியாது திகைக்கின்றனர். அமைதி நிலவும் கூடத்தில் செருமல் ஒலி எழும். அனைவரும் திரும்பிப் பார்ப்பர். அவன் அடக்க முயல்வான். எழுத வேண்டிய நேரம் கழியும். பத்தாம் வகுப்புத் தேர்வில் இச்சிறுவர்க்குத் தனி அறையும் கூடுதல் நேரமும் மருத்துவச் சான்றின் பேரில் கிடைக்கும் என்று தேர்வுத்துறை பெயர் சுட்டி ஓர் ஆணை வெளியிட வேண்டும். அதுவரை, ஜூன் மாதத்திலேயே மருத்துவச் சான்றைப் பெற்றுக் கல்வி அலுவலகத்திற்கு எழுதும் பொறுப்பு தலைமையாசிரியரைச் சார்ந்தது.