வர்க்கலா: முதலைத் தின்னும் வியாபாரம்

கேரளாவின் வர்க்கலா போய் வந்தவர்களின் போட்டோக்களைப் பாருங்கள். கடல் இருக்கும், அஸ்தமனம் இருக்கும். பின்னால் நிற்கும் குன்றை யாரும் கவனிப்பதில்லை. உண்மையில் அங்கே பார்க்க வேண்டியதே அதைத்தான்!

தென் கேரளக் கடற்கரை பெரும்பாலும் தட்டையான மணல். வர்க்கலாவில் மட்டும் கடலை ஒட்டிச் செங்குத்தாக ஒரு குன்று. உச்சியில் லேட்டரைட் எனும் செம்புரைக்கல். அதற்குக் கீழே மணற்கல்லும் பல நிறக் களிமண்ணும் பட்டை பட்டையாக. நடுவே சில இடங்களில் கறுப்பாக லிக்னைட். ஆமாம், நெய்வேலியில் வெட்டுகிறார்களே, அதே பழுப்பு நிலக்கரிதான். அப்படியென்றால் ஒரு காலத்தில் அங்கே செடி கொடிகள் சேற்றில் புதைந்திருக்க வேண்டும். இந்த அடுக்குகளுக்குப் புவியியலாளர்கள் ஊர்ப் பெயரையே வைத்து 'வர்க்கலி படிவம்' என்கிறார்கள். இவை மையோசீன், பிளையோசீன் காலத்தவை. அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி, சுமார் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம்.

குன்றின் பக்கத்தில் ஊற்றுகள் கசிவதற்கும் இந்த அடுக்குகள்தான் காரணம். மழைநீர் செம்புரைக்கல், மணற்கல் வழியாக இறங்கும். களிமண்ணைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் வெளியே வரும். ஆனால் ஊறிய களிமண் இளகும். அடியில் அலையும் அரிக்கும். மேலே உள்ளது சரியும்.

இது இயற்கை. விளிம்பு வரை ஓட்டல் கட்டி, கழிவுநீரையும் மண்ணுக்குள் விடுவது இயற்கையா?

2024-ல் பாபநாசம் பலிமண்டபம் அருகே, ஆபத்து என்று சொல்லி மாவட்ட நிர்வாகம் குன்றின் ஒரு பகுதியை இடித்தது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை ஆட்சேபித்தது. கர்க்கடக வாவு அன்று தர்ப்பணத்துக்குக் கூட்டம் கூடும் இடம் அது. மக்களின் பாதுகாப்பு முக்கியம்தான், மறுக்கவில்லை. அதற்கு ஆட்களைத் தள்ளி நிறுத்தலாம், மழைநீருக்கு வடிகால் அமைக்கலாம். இடித்த அடுக்கைத் திரும்ப அடுக்க முடியுமா?

"அந்தக் கடைகளை நம்பிப் பல குடும்பங்கள் இருக்கின்றனவே" என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கடைகளின் முதலே இந்தக் குன்றுதான். முதலைத் தின்றுவிட்டு லாபம் என்று எழுதினால் எந்த ஆடிட்டர் ஒப்புக்கொள்வார்? கடைகள் விளிம்பிலிருந்து சற்று உள்ளே தள்ளிப் போனால் கடையும் இருக்கும், குன்றும் இருக்கும்.

2025-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் வர்க்கலா இடம் பிடித்துவிட்டது. பட்டியல் குன்றைத் தாங்காது. கட்டட விதிகளைக் கறாராக அமல்படுத்தினால்தான் தாங்கும்.

அடுத்த முறை போனால் ஐந்து நிமிடம் கடலுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். குன்றுக்குக் கொஞ்சம் தள்ளியே!